சிண்டுவை விட்டுவிட்ட மறுநாள்

டிரெஸ்ஸிங் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். மணி பத்தேகால். நாற்பது நிமிஷம் ஆகும், சில நாள் ஐம்பது. பழைய கட்டின்மேல் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஊறியதும் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, கழுவி, வெள்ளைக் களிம்பு தடவி மறுபடி கட்டுவார்கள். இதெல்லாம் பாத்திமுத்து சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் நாள் நானும் உள்ளே நின்றேன். தண்ணீர் விட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அப்புறம் தரையில் கிடந்தேன். "உங்களப் பாக்கவா, பிள்ளயப் பாக்கவா? வெளிய இருங்க ரெக்ஸலின்" என்று அன்றைக்கே சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த பெஞ்சு. பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு பெஞ்சு, இடது ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தில் தினமும் உட்காருகிறேன். என் மகள் ஜெஃபி உள்ளே போகும்போது அழவில்லை. அழுகையை உள்ளே போய்ப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சேர்த்துவைத்திருப்பவள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டுப் போடாத இடது கையால் போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா, சிண்டுவுக்குத் தீனி போடணும். ரெண்டு நாளா போடல. நான் வாரதுக்குள்ள போட்டுரு." நான் தலையாட்டினேன். அதுதான் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சொல்லியிருக்கலாம். இல்லை, எப்படிச் சொல்ல முடியும், கதவு திறந்திருந்தது, சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள், வலிக்குள் போகிற பிள்ளையிடம் உன் சிண்டு இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள். ஆனால் பேசாமல் நின்றிருக்கலாமே. தலையாட்டாமல் இருந்திருக்கலாமே. நான் தலையாட்டினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

சிண்டு என்பது அந்த கேமில் வருகிற ஒரு பிராணி. கேமில் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு, ஸிண்டோராக்ஸோ என்னவோ. நரிக்குட்டி மாதிரி இருக்கும், ஆனால் நரி இல்லை, காது முயல்காது, வயிறு மஞ்சள், உச்சந்தலையில் ஒரு கொத்து நெருப்பு நிமிர்ந்து நிற்கும். கோபம் வந்தால் நெருப்பு உயரும், பசித்தால் தணியும், தூங்கும்போது நீல நிறத்தில் சின்னதாக எரியும். தலையில் சிண்டு முடிந்த மாதிரி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஆமாம், அந்தப் பேரை வைத்ததே நான்தான். இதை எப்படி மறந்தேன். ஜெஃபி விழுந்து விழுந்து சிரித்தாள், பேர் போடுகிற கட்டத்தில் சிண்டு என்று அடித்தாள். அதில் நூற்றுக்கணக்கில் பிராணிகள். தண்ணீரில் இருப்பது, கல்லில் இருப்பது, இலையாக இருப்பது. போனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தெருவில் அங்கங்கே தோன்றும், பிடித்துச் சேர்க்கலாம், வளர்க்கலாம், சண்டைக்கு விடலாம். இவள் அத்தனையும் பிடித்துவைத்திருந்தாள், ஆனால் வளர்த்தது இதை ஒன்றைத்தான். ஏதோ சண்டையில் அதன் வலது காது நுனி கருகிப்போனது. பத்து வைரம் கொடுத்தால் சரியாகிவிடுமாம். "வேண்டாம்மா, அது அப்பிடியே இருக்கட்டும், அப்பத்தான அது இதுன்னு தெரியும்" என்றாள். காது கருகினாலும் அது அதுதான். இவளுக்கு இப்போது வலது கை, வலது தோள், கழுத்தில் பாதி, மார்பில் ஒரு உள்ளங்கை அகலம். பதினெட்டு சதவீதம் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சதவீதம் புரியவில்லை. நூற்றில் பதினெட்டு ஜெஃபி எரிந்துவிட்டாள் என்றால் எந்தப் பதினெட்டு. சிரிக்கிற ஜெஃபி எந்த எண்ணில் வருவாள்.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் டைட்டஸ் வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் அந்தக் காக்கிச் சட்டையோடேயே வந்தார். பிள்ளை மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தலையணைப் பக்கம் கிடந்த போனைப் பார்த்தார். வெளியே கூட்டிவந்து, "அந்த எழவ இன்னும் ஏன் அவ கைல குடுக்க? அதுனாலதான இவ்வளவும்? ஒடச்சிப் போடு" என்றார். அவர் போனபின் நான் போனை எடுத்தேன். உடைக்க மனசு வரவில்லை, அது நாங்கள் தவணையில் வாங்கியது. கேமைத் திறந்தேன். சிண்டு உட்கார்ந்திருந்தது, நெருப்பு தணிந்து, பசியாக. அதன் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும் என்று பார்த்திருக்கிறேன். தீனி, குளிப்பாட்டு, தூங்கவை, கடைசியில் விடுவி. அதைத் தொட்டேன். விடுவித்துவிட்டால் திரும்பாது, நிச்சயம்தானா என்று கேட்டது. ஆம். மறுபடி கேட்டது. ஆம் என்றேன். அது எழுந்து நின்றது. இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. எழுந்து, புல்வெளியில் கொஞ்ச தூரம் போய், நின்று, திரும்பிப் பார்த்து, தலையைத் தாழ்த்தியது. அந்தக் கருகின காது தெரிந்தது. அப்புறம் புல்லுக்குள் போய்விட்டது. யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறான், விடுகிற ஆளுக்கு வலிக்கட்டும் என்று வரைந்திருக்கிறான். எனக்கு வலிக்கவில்லை. சத்தியமாக வலிக்கவில்லை. தண்டனை கொடுத்து முடித்த மாதிரி இருந்தது. நேற்று ராத்திரிதான் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தைத்தான் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். புதுசு. கையில் பிளாஸ்கும், ரொட்டி வைத்த கட்டைப்பையும். அவள் மகனுக்குக் கொதிக்கிற ரசம் காலில் கொட்டிவிட்டதாம், கல்யாண மண்டபத்தில் சமையல் வேலையாம். அவளே சொல்லிவிட்டு, அடுத்தது உன் முறை என்பது போல என்னைப் பார்த்தாள். "உள்ள இருக்கது ஒங்க பிள்ளயா? பொம்பளப் பிள்ளயோ? எப்பிடிம்மா ஆச்சு?" இதைப் பன்னிரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். போனில் ஒரு கேம்க்கா, அதில் தலையில் நெருப்பு எரிகிற ஒரு பிராணி, அதைப் பார்த்துப் பார்த்து பிள்ளைக்கு நெருப்பு பயமே போய்விட்டது, அடுப்புகிட்டப் போய் வெளயாடிட்டா. இவ்வளவுதான், நாலு வாக்கியம். கேட்பவர்கள் எல்லாரும் இதே இடத்தில் "இந்தப் போன் பண்ற பாடு" என்பார்கள். டாக்டரிடம் சொன்னேன், என் அக்காவிடம் சொன்னேன், ஜெபக்கூட்டத்து ஆட்களிடம் சொன்னேன், எழுதிக்கொள்ள வந்த போலீஸ் ஏட்டய்யாவிடம் சொன்னேன். முதலில் சொன்னது டைட்டஸிடம். ஆட்டோவில் பிள்ளை மடியில் கிடக்க, போனில் அவர் "எப்பிடி? எப்பிடி?" என்று கத்த, என் வாயிலிருந்து அது தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்த பொய்யும் பொய்தானா, அல்லது... பொய் என்று யார் சொன்னது. அவள் நெருப்போடு விளையாடுவாள்தான். ஒரு நாள் சிம்மில் எரிகிற அடுப்பைப் பார்த்து, வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாத, சிண்டு தூங்குது" என்றாளே. என் கண்ணால் பார்த்தேனே. அது நடந்ததுதானே. "எப்பிடிம்மா?" என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "பால்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. "பாலா? பால் கொட்டிருச்சா?" "இல்ல." எழுந்துகொண்டேன்.

உள்ளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. முதல் சுற்று பிரிகிற சத்தம் இப்படித்தான் இருக்கும், அழுகை அல்ல, மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு நீளமான ஒலி. அப்புறம்தான் "சிஸ்டர் போதும், சிஸ்டர் போதும்." வலிக்கும்போது அம்மா என்று அவள் கூப்பிடுவதே இல்லை. பக்கத்து அறைகளில் ஐம்பது வயசு ஆண்கள்கூட அம்மா என்று அலறுகிறார்கள். என் பிள்ளை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாது. தெரியும். நடையின் கோடிக்குப் போனேன். கேமைத் திறந்தேன். இன்னொன்று பிடித்துவிட்டால் என்ன. ஒரே ஜாதிதானே, ஒரே முகம்தானே. தீனி போட்டு, சிண்டு என்று பேர் அடித்து வைத்துவிட்டால், வலியில் இருக்கிற பிள்ளை என்ன நுணுக்கமாகவா பார்க்கப்போகிறாள். திரையில் ஆஸ்பத்திரி நடை பச்சைக் கோடாகத் தெரிந்தது. நான் நடக்க நடக்க ஒரு சின்னப் பெண்பொம்மையும் நடந்தது. எக்ஸ்ரே அறை தாண்டி, மாடிப்படி தாண்டி. மருந்து கொடுக்கிற ஜன்னல் வரிசையில் ஒரு தவளை தோன்றியது, வேண்டாம். தண்ணீர்க் குழாய்கிட்ட ஒரு மீன். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர் "ஓரம் போங்கம்மா, போன் பாக்க எடமா இது" என்றார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிற வாசலில், வேப்பமரத்தடியில், தலையில் தீக்குச்சி அளவு நெருப்போடு ஒன்று நின்றது. அதைப் பிடிக்க ஒரு வளையத்தை எறிய வேண்டும். ஜெஃபி கண்ணை மூடிக்கொண்டு எறிவாள். எனக்கு இரண்டு தடவை தவறிவிட்டது, மூன்றாவது தடவை மாட்டியது. நட்சத்திரம் எல்லாம் பறந்து, பேர் என்ன வைக்கலாம் என்று கேட்டது. சி என்று அடித்தேன். ண் அடித்தேன். டு. இரண்டு காதும் முழுசாக இருந்தது. சுத்தமான, எதற்கும் சண்டைக்குப் போகாத, ஒன்றும் தெரியாத காது. அந்தக் காதைப் பார்த்ததும் வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன். இதைச் செய்தால் நான் எத்தனையாவது பொய் சொல்வேன். பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் அல்ல. கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாள். அதுதான் பயம். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி இருந்துவிட்டாள்.

பிள்ளைக்குப் பற்றிக்கொண்ட அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் எட்டு மணிப் பூசை முடிந்து வந்தோம். ஜெஃபி ரோஸ் கலரில் அடுக்கடுக்காக நெட் துணி வைத்த கவுன் போட்டிருந்தாள், அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக்கு என் அக்கா எடுத்துக்கொடுத்தது. கவுனை மாற்று என்று சொன்னேனா? சொல்லவில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். துவைத்த துணி வாளி காத்துக்கிடந்தது. "ஜெஃபி, பாலப் பாத்துக்கோ, பொங்குனா எறக்கிரு" என்றேன். இதுதான். இந்த வாக்கியம்தான். அணைத்துவிடு என்று சொல்லவில்லை, எறக்கிரு என்றேன். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் சொன்னேன். மாடிக்குப் போனேன். அடுத்த வீட்டு மாடியில் விமலா நின்றாள். ஒரு டெய்லரைப் பற்றிப் பேசினோம், ரவிக்கைக் கழுத்தை இறக்கித் தைத்துவிட்டான், கேட்டால் அதுதான் இப்போது எல்லாரும் போடுவது என்கிறான். இதற்கு நாங்கள் சிரித்தோம். கீழே "அம்மா" என்று கேட்டது. "வாரேன்" என்றேன். வரவில்லை. இன்னொரு சட்டையை உதறிப் போட்டேன். மறுபடி கேட்டதா? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு நாளும் நின்றுவிடுகிறது. ஒரு தடவை கூப்பிட்டாளா, அதிகமாகவா. ஒரு தடவைதான் என்றால் ஒரு மாதிரி. இரண்டு என்றால் வேறு மாதிரி. அப்புறம் கேட்டது கூப்பிடுகிற சத்தம் இல்லை. நான் இறங்கி வரும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகி நாறிக்கொண்டிருந்தது, பிள்ளை கவுன் முன்பக்கத்தைச் சுருட்டிப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்த மேனிக்கு... நான் தினமும் சேலைத் தலைப்பைச் சுருட்டித்தான் பாத்திரம் இறக்குவேன். பாத்திரம் பிடிக்கிற கிடுக்கி ஆணியில் தொங்கும், எடுக்கவே மாட்டேன். அவள் என்னைப் பார்த்துச் செய்தாள். சிண்டுவைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து. அப்புறம் இந்த வார்டில், மூன்றாம் நாள், ஏட்டய்யா நோட்டில் எழுதிவிட்டு கட்டில் பக்கம் குனிந்து, "பாப்பா, அம்மா சொல்றது சரிதானா? வெளயாடப் போயித்தான் பத்திக்கிச்சா?" என்று கேட்டார். ஜெஃபி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ம்" என்றாள். நான் அந்த நேரத்தில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பேரை அழித்தேன். அந்தப் பிராணியைப் பேரில்லாமலே விட்டுவிட்டு நடைக்குள் வந்தேன். ரசம் கொட்டியவனின் அம்மா என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள். "குடிக்கீங்களா?" என்று பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினாள். வேண்டாம் என்றேன். உள்ளே சத்தம் குறைந்திருந்தது. கட்டுகிறார்கள். கட்டும்போது அவள் பாட்டி மாதிரிப் பேச ஆரம்பிப்பாள், எத்தனை சுற்று மிச்சம், இந்தத் துணி எங்கே வாங்குவீங்க, சிஸ்டர் உங்க ஊரு காயல்பட்டினமா என்று. இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. சேசுவே என்றேன், அதற்குமேல் ஜெபம் வரவில்லை. எதைக் கேட்பது, விரல் விரியணும் என்றா, கழுத்துத் தழும்பு தாலிக்குக் கீழே மறைந்துவிடணும் என்றா, நான் தப்பித்துக்கொள்ளணும் என்றா. கதவு திறந்தது.

சக்கர நாற்காலியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "நல்லா ஒத்துழைச்சா இன்னைக்கு" என்று பாத்திமுத்து சிஸ்டர் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஜெஃபி இடது கையை நீட்டினாள். "போட்டியா?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக என் முகம் வந்தது. "ஜெஃபி, சிண்டு இல்ல. நான் விட்டுட்டேன். நேத்து."

"எங்க விட்ட?"

"கேம்லதான். விடுவின்னு போட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை போல, போனை வாங்கி மடியில் வைத்து ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தவளை, மீன், கல், இலை, பேரில்லாத அந்தப் புதுசு. கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். அழுகை டிரெஸ்ஸிங் அறைக்குள் வந்த மாதிரி இல்லை, வாய் கோணி, சின்னப் பிள்ளை அழுகிற அழுகை. "அது என்னம்மா பண்ணுச்சு?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப எதுக்கு விட்ட?"

"எல்லார்ட்டயும் அதுனாலதான் ஒனக்குப் பத்திக்கிச்சுன்னு சொல்லிட்டேன்ல. சொல்லிச் சொல்லி எனக்கே அப்பிடித்தான்னு ஆயிட்டு." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "அதுனால இல்ல. நான்தான் ஒன்ன பால எறக்கச் சொன்னேன். நீ கூப்பிட்ட, நான் வரல."

பக்கத்தில் அந்த அம்மாள் பிளாஸ்கு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஜெஃபி மூக்கைத் தோளில் துடைக்கப்போய், தோள் முழுக்கக் கட்டு என்பதால் நிறுத்திக்கொண்டாள். நான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். முகத்தைத் திருப்பவில்லை, துடைக்க விட்டாள்.

"மூணு தடவ கூப்பிட்டேன்" என்றாள்.

மூன்று. ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. பன்னிரண்டு நாளாக நான் கேட்காமல் வைத்திருந்தது. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

டைட்டஸுக்குப் போன் போட்டேன். அவர் வேலையில் இருப்பார், எடுக்கமாட்டார் என்று ஒரு ஓரத்தில் ஆசையாக இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "என்ன? பிள்ளைக்கு என்ன?" பின்னால் இரும்பு உரசுகிற சத்தம், யாரோ விசில் ஊதுகிறார்கள். "பிள்ள நல்லாருக்கா. ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும், நீங்க நடுவுல பேசாதீங்க" என்றேன். சொன்னேன். கவுன், பால், விமலா, டெய்லர், மாடி, மூன்று தடவை. ஏட்டய்யாவைத் தேடிப்போய் அவரிடமும் மாற்றிச் சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, விட்டால் மறுபடி அதற்குள் ஒளிந்துகொள்வேன் என்று தெரிந்தது. சொல்லி முடித்தபின் அந்தப் பக்கம் விசில் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

ஜெஃபி கையை நீட்டினாள். "குடும்மா, நான் பேசுதேன்." போனை இடது காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, பாலுக்கு அம்மாவ ஏசாதீங்க. தெரியாமப் பண்ணிட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா என் சிண்டுவ என்ட்ட கேக்காம விட்டுட்டாங்க. அதுக்கு மட்டும் ஏசுங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை.

"ம். இப்பவே ஏசுங்க" என்று சொல்லிவிட்டு, எட்டி, போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.